கடல் தின்னாத பித்தளை

நேற்று காலை வகுப்பில் அமோனியா வாசனை வந்தது. பாட்டிலை நான் திறக்கவே இல்லை.

இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், "பக்கத்துல கக்கூஸ் கழுவியிருப்பாங்க மிஸ்" என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆய்வக அலமாரி பூட்டித்தான் இருந்தது. திறந்து பார்த்தேன். பாட்டில் மூடி இறுகியிருந்தது. வாசனை ஜன்னல் வழியாக, கடல் காற்றோடு கலந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிதாக வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்திக்கும் தெரியவில்லை. உனக்குப் பிறகு இந்த ஒரு வாசனைக்கு மட்டும் என் மூக்கு நாய் மூக்காகிவிட்டது.

இன்று சூசை அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் பள்ளி வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். ஆமாம், அதே சூசை அண்ணன்தான். முறைக்காதே, சொல்கிறேன்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் அந்த நீலத்தை நாம் முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? சோதனைக் குழாயில் மயில்துத்தக் கரைசல், செம்பின் உப்பு. அதில் நான் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் திரிந்த பால் போல வெளிர்நீலத்தில் என்னவோ படிந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கீழே ஊற்றப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஊத்துடி இன்னும். உங்க வீட்டு மொளகாப்பொடியா இது, கஞ்சத்தனம் பண்ணுற?"

இன்னும் ஊற்றினேன். திரிந்தது எல்லாம் கரைந்து, குழாய் முழுக்க அந்த நீலம் வந்து நின்றது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீ பார்த்தாய். "அல்லாஹ்வே! ஏடி, இந்த நீலத்துல எனக்கு ஒரு துப்பட்டா வேணும்" என்றாய். அன்று சாயங்காலமே ராமநாதபுரம் கடைத்தெருவில் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாய். கடைக்காரர்கள் ராயல் ப்ளூ, இங்க் ப்ளூ, மயில் கழுத்து என்று விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நீ ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "இல்லண்ணே, இதுல உசுரு இல்ல" என்று தள்ளினாய். ஒரு கடைக்காரர், "துணிக்கு எதுக்கும்மா உசுரு?" என்று கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே வெளியே ஓடி வந்தோம்.

வேதிப்பிணைப்புப் பாடம் எனக்குப் புரிந்தது உன்னால்தான், எந்தப் பேராசிரியராலும் இல்லை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்த என்னிடம், "உங்க ஊரே அயனிப் பிணைப்புலதான்டி சோறு திங்குது" என்பாய். உப்பளத்தைச் சொல்கிறாய். சோடியத்துக்கு வெளிச்சுற்றில் ஒற்றை எலக்ட்ரான், அதை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று தவிக்கிறது. குளோரினுக்கு ஒன்று குறைகிறது, கிடைத்தால் பிடுங்கிக்கொள்ளும். ஒன்று தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும், மற்றது மூச்சில் போனால் ஆளைக் கொல்லும். இரண்டும் கொடுத்து வாங்கி ஒட்டிக்கொண்டதும் குழம்புச் சட்டியில் போடுகிற உப்பாகிவிடுகின்றன.

சகப்பிணைப்பு எனக்குப் புரிந்தது கீழக்கரையில், உன் அண்ணன் கல்யாணத்தில். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும் சஹன் விருந்தை அன்றுதான் நான் பார்த்தேன். எனக்கு வெட்கம், கையை மடியிலேயே வைத்திருந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டில் வைத்தாய். "இதுதான்டி சகப்பிணைப்பு. உனக்கும் பாதி, எனக்கும் பாதி, தட்டு ரெண்டு பேருக்கும் சொந்தம்." உன் உம்மா, "சாப்புடுறப்பவும் பாடமா?" என்று உன் தலையில் குட்டினார்.

"அப்ப ஈதல் சகப்பிணைப்பு?" என்று நான் கேட்டேன். இரண்டு எலக்ட்ரானையும் ஒரே அணு கொடுப்பது. அமோனியாவில் இருக்கும் நைட்ரஜனிடம் யாரோடும் பகிராத ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. செம்பைக் கண்டால் அதை அப்படியே நீட்டும். ஒரு செம்பைச் சுற்றி நான்கு அமோனியா உட்கார்ந்துகொண்டால் நம் நீலம்.

"சோறு முழுக்க ஒருத்தர் கொண்டு வருவாரு, மத்தவரு வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து உக்காருவாரு. எங்க மாமா மாதிரி" என்றாய். அப்புறம் கையைக் கழுவும்போது இன்னொன்றும் சொன்னாய். அதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை, இப்போது தினமும் கேட்கிறது. "ஆனா ஒண்ணுடி. அணுவுக்குப் பாசமெல்லாம் கெடையாது. சேந்தா அடங்குது, அதனால சேருது. யாரு வீட்டுல சேருதுன்னு பாக்காது."

படிப்பு முடிந்து நான் பி.எட். போனேன். நீ மண்டபம் போகிற பாதையில் இருந்த ஒரு இறால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாய். உன் வாப்பா துபாயிலிருந்து போனில் கத்தினார். நீ அசையவில்லை. நீண்ட கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று இறால் உரிப்பார்கள். பின்பக்கம் இயந்திர அறை. அங்கிருந்துதான் குழாய் வழியாக அமோனியா ஓடி, ஐஸையும் குளிர் அறையையும் உண்டாக்கும். ஒருமுறை நான் வந்தபோது கதவைத் திறந்து காட்டி, "நம்ம ஆளு உள்ளதான் ஓடிக்கிட்டு இருக்காரு" என்றாய், சொந்தக்காரரைக் காட்டுவது போல.

கடலோரத்தில் இரும்பு படும் பாடு உனக்குத் தெரியும். ஒரு வருடம் தாங்கிய இரும்பு அதிசயம். அந்த இயந்திர அறையிலும் ஒரு வால்வு துருவேறித் திருகவே முடியாமல் போனது. மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. படகெல்லாம் கரையேறியிருக்க, படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக்குகள்தான் கம்பெனிகளின் பழுதையும் பார்ப்பார்கள். அப்படி வந்தவர் சூசை அண்ணன். இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, படகுக்கு வாங்கி வைத்திருந்த கனமான பித்தளை வால்வைத் தன் கையாலேயே பொருத்தினார். கடலில் கிடந்தாலும் அழியாத பொருள் என்றால் இந்தக் கரையில் பித்தளைதான். அதைத்தான் அவர் அப்பாவும் போட்டார், மாமாவும் போட்டார். மனதாரச் செய்தார் அந்த மனுஷன். போட்டு முடித்துத் துணியால் துடைத்துப் பளபளக்கவும் வைத்தார்.

சில வாரம் கழித்து நீ எனக்குப் போன் செய்தாய். உன் குரல் சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏடி, நம்ம நீலம் இங்கன வந்துருக்கு."

வால்வின் கழுத்தில், மரை இறுகும் இடத்தில், நீலமாக ஒரு வளையம் கசிந்து படிந்திருந்தது. இரும்பைக் கடல் தின்னும், அமோனியா தொடாது. பித்தளையைக் கடல் தொடாது, அமோனியா தின்னும். பித்தளைக்குள் இருப்பது செம்பு. கண்ணுக்குத் தெரியாத கசிவும் கடலோரக் காற்றின் ஈரமும் சேர்ந்துவிட்டால், அமோனியா உள்ளே புகுந்து செம்பை அணு அணுவாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். வெளியே தேய்ந்திருக்காது, மெலிந்திருக்காது, பளபளப்பு அப்படியே இருக்கும். இறுக்கி முடுக்கிய இடத்தில் மட்டும் மயிரிழை போல விரிசல் உள்ளே நடந்து போய்க்கொண்டே இருக்கும்.

நீ முதலாளியிடம் சொன்னாய். "கடலே திங்காத பித்தளைய காத்தா திங்கப் போகுது?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாராம். சூசை அண்ணனிடம் சொன்னாய். "பாப்பா, கடல்ல கெடந்த பித்தளைய எடுத்து வெளக்கிப் பாரு, கல்யாணக் குத்துவெளக்கு மாதிரி இருக்கும்" என்று உன்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார். தடைக்காலம் முடிந்தது. படகுகள் கடலுக்குப் போய் இறாலோடு திரும்பின. இனி மிஷினை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் நீ உன் வேலையை ஆரம்பித்தாய். உரிக்கிற பெண்கள் ஒவ்வொருவரிடமும், "பக்கத்துல ஈரத்துணி வச்சுக்கங்க, கண்ணு எரிஞ்சா உடனே மூஞ்சியில கட்டிக்கிட்டு வெளிய ஓடுங்க" என்றாய். அமோனியாவுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு ஆசை, துணியில் ஈரம் இருந்தால் பாதி அங்கேயே தங்கிவிடும். இல்லாவிட்டால் ஈரம் தேடி நம் கண்ணுக்கும் தொண்டைக்கும் நெஞ்சுக்கும்தான் வரும். அவர்கள் உனக்கு 'ஈரத்துணி மேடம்' என்று பெயர் வைத்தார்கள். நீ அதையும் என்னிடம் போனில் சொல்லிச் சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேலைய விட்டுட்டு வந்து தொலைடி" என்று கத்தினேன்.

"வாரேன்டி. நான் வந்துட்டா இங்கன யாரு மோந்து பாக்குறது?"

அந்தப் பதிலுக்காக உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன். உனக்கென்ன, நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

அந்த வால்வு வெடித்த அன்று மதியம் நடந்ததை எனக்குச் சொன்னது பாண்டியம்மா அக்கா. உன்னோடு அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், அப்புறம் பின்பக்கக் கதவிடுக்கில் வெள்ளையாகப் புகை. எல்லோரும் ஈரத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நீ வெளியே வந்து நின்று ஆட்களைப் பார்த்திருக்கிறாய். இரண்டு பேரைக் காணவில்லை. மூலையில் எடை போடும் இடத்தில் இருந்த வயதான இரண்டு பேர். அவர்கள்தான் துணியெல்லாம் எதற்கு என்று கேலி செய்தவர்கள்.

"துப்பட்டாவ ஐஸ் தண்ணியில முக்கிக்கிட்டு உள்ள ஓடுச்சு, டீச்சர்" என்று பாண்டியம்மா அக்கா சொன்னார். "ரெண்டாக் கிழிச்சு அதுக ரெண்டு மூஞ்சியிலயும் கட்டித் தள்ளிக்கிட்டு வந்துச்சு. அதுக்குக் கட்ட ஒண்ணுமில்ல."

அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். நீ மதுரை ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்துவிட்டு மௌத்தானாய். உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது என் உள்ளங்கையில் விரலால் என்னவோ எழுதினாய். எனக்குப் புரியவில்லை. புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன். இன்றைக்கும் புரியவில்லை.

கீழக்கரையில் உன் வீட்டில் நான் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே தெருவில், வெயிலில், சூசை அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கம்பெனி அதை விபத்து என்று சொல்லி முடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் அவர் என் பள்ளிக்கு வந்தார். "என்ன நடந்துச்சுன்னு எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லுங்க டீச்சர்." எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சட்டைப்பையில் இருந்த ஒரு பித்தளைத் திருகாணியை வாங்கி, கண்ணாடிக் குவளையில் அமோனியாக் கரைசலை ஊற்றி அதற்குள் போட்டேன். "நாளைக்கு வந்து பாருங்க" என்றேன். மறுநாள் வந்தார். குவளை முழுக்க நீலம். அதையே பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றார். மாலை மணி அடித்த பிறகும் நின்றார். நான்தான் முதலில் அழுதேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி மதிலுக்குப் பின்னால் போன வருடம் ஒரு ஐஸ் கம்பெனி வந்தது. தடைக்காலம் முடியப் போகிறது. படகுகளுக்கு டன் கணக்கில் ஐஸ் வேண்டும் என்பதால் மிஷினை ஓட விட்டுவிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் சூசை அண்ணனுக்குப் போன் செய்தேன். "வாரேன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் போனோம்.

அங்கே மேற்பார்வை பார்ப்பவர் நல்ல மரியாதை தெரிந்த மனிதர். எங்களுக்கு நாற்காலி எல்லாம் போட்டார். இயந்திர அறையைக் காட்டச் சொன்னதும் கொஞ்சம் தயங்கினார், பிறகு கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். எல்லாம் சாம்பல் பெயின்ட் அடித்த இரும்பு. நடுவில் ஒன்று மட்டும் தங்கம் போல மின்னியது.

"துரு ஏறிருச்சுங்க டீச்சர். அதான் இந்தத் தடவ பித்தளையாவே போட்டுட்டோம். கடல்காத்துக்கு இதுதான் தாங்கும்" என்றார் அவர், பெருமையாக.

என் கைக்குட்டையை எடுத்து வால்வின் கழுத்தைச் சுற்றித் துடைத்தேன். விரித்துப் பார்த்தேன். நீலம். ராமநாதபுரம் கடைத்தெரு முழுக்கத் தேடியும் நமக்குக் கிடைக்காத அதே நீலம், என் கைக்குட்டையில் இருந்தது. அதை அவரிடம் நீட்டி, இந்த வால்வை உடனே கழற்ற வேண்டும் என்றேன்.

"சீசன் முடியட்டும் டீச்சர், மாத்திருவோம். இப்ப நிப்பாட்டுனா படகுக்காரவுக என்னைய உரிச்சுருவாங்க."

சூசை அண்ணன் தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, அந்த வால்வுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்ணே, என்ன இது? எந்திரிங்கண்ணே."

"இதக் கழட்டுற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன் தம்பி. இதே மாதிரி ஒண்ண என் கையால மாட்டி ஒரு புள்ளையக் கொன்னுருக்கேன். இது வெடிச்சா என்னையும் சேத்து வெடிக்கட்டும்."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் கைக்குட்டையை மறுபடி விரித்துக் காட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் இரைச்சல் கேட்டது. அவருக்கும் அங்கே ஒரு மகள் படிக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மிஷினை நிறுத்தச் சொன்னார்.

குழாயில் இருந்த அமோனியாவை வடித்து அடைத்த பிறகு, சூசை அண்ணனே அதைக் கழற்றினார். கழற்றியதைப் பட்டறைப் பிடியில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். அவ்வளவு கனமான வால்வு, டீயில் முக்குகிற ரஸ்க்கு போல இரண்டாக உடைந்து விழுந்தது. உடைந்த முகம் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் ஒரு நெல்மணி அகலத்துக்கு மட்டும் மஞ்சளாக இருந்தது. அந்த நெல்மணி அளவுதான் பிடித்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உன்னை நினைத்து நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை, கேட்டுக்கொள். சந்தோஷத்தை எழுதி என்ன ஆகப் போகிறது?

இன்று காலை அந்த உடைந்த துண்டை வகுப்புக்குக் கொண்டு போனேன். பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாயில் நம் நீலத்தையும் செய்து காட்டினேன். முதலில் திரிந்தது, ஒருத்தி "கெட்டுப்போச்சு மிஸ்" என்றாள். இன்னும் ஊற்றினேன். அந்த நீலம் வந்து நின்றதும், உன்னைப் போலவே எல்லோரும் "ஆ" என்று வாயைப் பிளந்தார்கள்.

"அழகா இருக்குல்ல?" என்று கேட்டேன். "இந்த லேப்புக்கு வெளிய, ஐஸ் கம்பெனி, இறால் கம்பெனி எங்கன பித்தளை மேல இதப் பாத்தாலும் என்கிட்ட ஓடி வந்து சொல்லணும்."

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் புதுமடத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்க வாப்பா வேலை பாக்குற ஐஸ் கம்பெனியில இருக்கு."

"என்னம்மா இருக்கு?"

"இந்த நீலம். போன வருசமே பாத்தேன். அழகா இருந்துச்சுன்னு போட்டோ கூட எடுத்தேன். துடைச்சாலும் திரும்பத் திரும்ப வருதுன்னு வாப்பா சொல்லும்."

வாப்பா இப்போது எங்கே என்று கேட்டேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். போனில் கூப்பிடச் சொன்னேன். மிஷின் அறைக்குள் இருந்தால் வாப்பாவுக்கு மணியடிப்பது கேட்காது என்றாள். மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு, சூசை அண்ணனுக்குப் போன் செய்தேன்.

இந்தக் கரையில் எத்தனை ஐஸ் கம்பெனி இருக்கிறது, எத்தனை நல்ல மனிதர்கள் துரு ஏறக் கூடாது என்று எத்தனை வால்வைப் பளபளப்பாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நீ சொன்னது சரிதான். அது யார் வீட்டில் சேர்கிறது என்று பார்ப்பதில்லை.

என் கைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஈரத்துணி இருக்கும். பிள்ளைகளுக்கு அது தெரியும். முதுகுக்குப் பின்னால் எனக்கும் அதே பெயர்தான், ஈரத்துணி மிஸ். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். இன்று இரண்டு துணியாக நனைத்து வைத்திருக்கிறேன். ஒன்று அந்த வாப்பாவுக்கு, ஒன்று எனக்கு; சூசை அண்ணனுக்கு அவர் துண்டு இருக்கிறது. கிழிக்க மாட்டேன்.

ஹாரன் கேட்கிறது. அந்தப் பிள்ளை இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் போறேன்டி.